வெட்டிய ஒன்பது நொடி

மார்ச் 3, செவ்வாய். காலை 6.42.
தோள் வீடியோவின் பார்வை: 8,12,440.

அக்கா,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்லவே மனசு வரவில்லை. இரண்டு வரி. "தோள் வீடியோவை எடு. போனில் பேசமாட்டேன், சொல்ல வேண்டியதை எழுது." ஒரு 'நலமா' கூடக் கிடையாது. இதற்கு ஒரு கவர், ஒரு கூரியர். ஒரு ஆள் மூன்று மாடி ஏறி வந்து கையெழுத்து வாங்கிப் போனார்.

நாங்கள் நலம். அம்மாவுக்கு நீ வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய் இரண்டு மாசம் ஆகியும் மூன்று தட்டு எடுத்து வைக்கும் பழக்கம் போகவில்லை. உன் சாம்பல் நிறக் குளிர்சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து, மறுபடி எடுத்து, மறுபடி மடிக்கிறாள்.

இப்போது விஷயம். எடுக்க முடியாது. காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

போன வருஷம் ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு உன் பிசியோதெரபி வகுப்புகள் முப்பத்தெட்டைப் படம் பிடித்தோம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அதிகம் பார்க்கப்பட்டதற்கே 314 பார்வைதான். பாதிப்பேர் இரண்டாவது நிமிஷத்தில் ஓடிவிட்டார்கள். நீ இன்னும் 'வணக்கம்' சொல்லி முடித்திருக்க மாட்டாய். அதே வகுப்புகளை நாற்பது நாற்பது நொடியாக வெட்டி, போனில் பார்க்கிற மாதிரி செங்குத்தாக நிமிர்த்திப் போட ஆரம்பித்த பிறகுதான் உன்னை நாலு பேருக்குத் தெரிந்தது. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து, நல்ல கையால் இழுத்து, இறுகிப்போன தோளைத் திறக்கும் பயிற்சி. பிப்ரவரி 12-ஆம் தேதி போட்டேன். முப்பத்தேழாவது நிமிஷத்தில் நீ சொன்ன "ஒரு துண்டு போதும், தோள் திறந்துடும்" என்பதைத் தூக்கி முதல் மூன்று நொடியில் வைத்தேன். அவ்வளவுதான் என் வேலை. எட்டு லட்சம். சரி, அதில் ஒரு நூறு அம்மா பார்த்தது.

அந்த ஆன்லைன் பாட நிறுவனத்துக்காரரைப் பற்றிச் சொன்னேனே. "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒரு வீடியோ பத்து லட்சம் தொட்டதக் காட்டு, குட்டி வீடியோ பிரிவே உன்கிட்ட" என்றார். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மூன்று வருஷமாகக் கல்யாண வீடியோவுக்குச் சத்தம் சரிபண்ணிக்கொண்டிருக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியும்.

நீ 27-ஆம் தேதி போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆபரேஷன் ஆனவர்கள் செய்யக்கூடாது என்ற வரி விட்டுப்போயிற்று. ஒப்புக்கொள்கிறேன். அதைக் கமென்டில் போட்டு மேலே குத்தி வைத்துவிட்டேன். தீர்ந்தது. பிறகும் ஏன் இந்த ஆர்ப்பாட்டம்? என் எண்ணை வேறு தடுத்து வைத்திருக்கிறாய்.

பதில் போடு. சீக்கிரம் போடு.

உன் தம்பி


மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நலமா? கேட்டுவிட்டேன். கணக்கில் வைத்துக்கொள்.

ஏன் கடிதம் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போனில் நான் அரை வாக்கியம் பேசினால் மீதி அரையை நீ பேசி, அதற்குப் பதிலையும் நீயே சொல்லிவிடுகிறாய். 27-ஆம் தேதி நான் மொத்தம் ஒன்றேகால் வாக்கியம் பேசினேன். "அந்த ஆபரேஷன் வரி இல்லடா, அதனால ஒரு அம்மா..." இவ்வளவுதான். நீ, "தெரியும் தெரியும், கமென்ட்ல போட்டுக்கலாம், இங்க இன்னொரு வீடியோ ரெண்டர் ஆகி முடிஞ்சிடுச்சு, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். அப்புறம் கூப்பிடவில்லை. தாளை நீ குறுக்கே வெட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன். அந்த 'ஒரு அம்மா'வுக்குப் பிறகு நான் சொல்லவந்தது இது. உட்கார்ந்து படி, நடந்துகொண்டே படிக்காதே.

இங்கே எனக்கு ஒரு நோயாளி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் 'வேன் அக்கா' என்பார்களாம். படியில் விழுந்து இடது தோளில் தசைநார் கிழிந்து, பிப்ரவரி 2-ஆம் தேதி ஆபரேஷன் செய்து தைத்தார்கள். ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் இருக்க வேண்டும், அசைக்கவே கூடாது என்று நானே என் வாயால் சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

25-ஆம் தேதி வந்தார். தொட்டில் இல்லை. கையை இன்னொரு கையால் ஒரு பொட்டலத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தார். என்ன ஆச்சு என்றேன். போனை எடுத்துக் காட்டினார். அதில் நான். துண்டைப் பிடித்து இழுக்கிறேன், சிரிக்கிறேன்.

"ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் பொதுவா ஆறு வாரம்னு சொல்றீங்க, சீக்கிரம் சரியாகிற வழிய வீடியோவுல தனியா சொல்றீங்கன்னு நெனச்சேன் மேடம். வேனுக்கு வேற ஆள் போட்டுட்டாங்க. எனக்கு அவசரம். வேற யாராவது சொல்லியிருந்தா செஞ்சிருக்கவே மாட்டேன். நீங்கதானே சொன்னீங்க."

இரண்டு நாள் செய்திருக்கிறார். இரண்டாம் நாள் மூன்றாவது இழுப்பில் உள்ளே நைந்த துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் கேட்டதாம். தையல் விட்டுப்போயிற்று. மறுபடி தைக்கலாமா, இப்படியே விடுவதா என்று பெரிய டாக்டர் இன்னும் சொல்லவில்லை. கியர் போடுகிற கை.

இன்னொன்று. அந்த வகுப்பில் எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் பலகை ஞாபகம் இருக்கிறதா? "தோளில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அல்ல" என்று சிவப்பில் எழுதி, இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். ஏன் தெரியுமா? நான் பேசுவதை நீ வெட்டுவாய் என்று தெரியும். எழுதி வைத்தால் எப்படி வெட்டுவான், முழு வீடியோவிலும் பின்னால் நிற்குமே என்று நினைத்தேன். வீடியோவை நிமிர்த்தும்போது இரண்டு பக்கமும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. பலகை இடது பக்கம் இருந்தது. என் காதோரம் அதன் மரச்சட்டம் மட்டும் தெரிகிறது. போய்ப் பார்.

சேனல் உன் பேரில், பாஸ்வேர்டு உன்னிடம். என்னால் எடுக்க முடியாது. எடு. கமென்டை யாரும் படிப்பதில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான்.

விட்டுப்போன அந்த வரி மொத்தம் ஒன்பது நொடி, அதை நீ காதால் கேட்டாயா? கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய்.

குளிர்சட்டை எனக்கு வேண்டும். இங்கே ஏசியை யாரும் அணைப்பதில்லை. அம்மாவிடம் கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டு எழுது.

அக்கா


மார்ச் 9, திங்கள். மதியம் 1.10.
9,31,077.

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து மொட்டை மாடிக்குப் போய் வந்தேன். பிறகு மறுபடி படித்தேன். நான் உணர்ச்சி இல்லாதவன் என்று முடிவு கட்டாதே.

அந்த அம்மாவுக்கு நடந்தது தப்பு. ரொம்பத் தப்பு. ஆனால் கொஞ்சம் கணக்காக யோசிப்போம். ஒன்பது லட்சம் பார்வையில் ஒருவர். அவரும் நேரில் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு, அதற்கு எதிராகச் செய்தவர். வீடியோவில் எந்த இடத்திலும் 'ஆபரேஷன் ஆனவர்கள் செய்யுங்கள்' என்று நீ சொல்லவில்லை. தோள் இறுகிப்போன எத்தனையோ பேர் இதைப் பார்த்துச் சட்டை போட முடிகிறது, தலை வார முடிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதை எந்தப் பக்கத்தில் வைப்பது?

விளக்கத்தில் எச்சரிக்கை போட்டேன். தலைப்பையும் மாற்றினேன். வீடியோவுக்குள்ளே மட்டும் மாற்ற முடியாது. எடுத்துவிட்டுத் திருத்திப் போட்டால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஒரு வாரம் கொடு. ஒரே வாரம். பத்து லட்சம் தொட்ட நிமிஷம் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த நிமிஷம் நானே அழிக்கிறேன். சத்தியமாக.

அந்த ஒன்பது நொடியை ஏன் காதால் கேட்க வேண்டும்? வகுப்பு முழுவதையும் சாஃப்ட்வேர் எழுத்தாக மாற்றிவிடுகிறது. எந்தெந்த இடத்தை வெட்டலாம் என்று அதுவே கோடு போட்டுக் காட்டும். பதினாலு வெட்டு காட்டியது, பதினாலையும் ஒரே தட்டில் ஒப்புக்கொண்டேன். எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம். ஒரு மணி நேர வகுப்பை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் வாரத்துக்கு இரண்டு வீடியோகூடத் தேறாது.

கேட்கவா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். கேட்டுவிடுகிறேன். பிப்ரவரி 12 சாயங்காலம் 5.50-க்கு அந்த வீடியோவுக்கு முதலில் இதயம் போட்டது யார்? உன் பேர்தான் இருக்கிறது. நீ பார்த்தாய். முழுசாகப் பார்த்தாய். அந்த வரி இல்லை என்பது உனக்கு அன்றைக்கே தெரியாதா? அன்றைக்கே சொல்லியிருந்தால் பார்வை நாற்பதில் நின்றபோதே எடுத்திருப்பேனே. எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதே.

அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. நீ சொன்ன மாதிரி தலையணை வைத்துக் காலைத் தூக்கிவைக்கிறாள்.

தம்பி


மார்ச் 11, புதன்

தம்பிக்கு,

இதயம் போட்டது நான்தான்.

வரி இல்லை என்பது முதல் தடவை பார்த்தபோதே தெரிந்தது. உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அப்போது நர்ஸ் ஒருத்தி, "மேடம், இது நீங்களா? நேர்ல பாக்கறதவிட இதுல அழகா இருக்கீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே சேர்ந்து ஒரு மாசம் வரைக்கும் என் பேர்கூட யாருக்கும் தெரியாது, 'புது பிசியோ' என்பார்கள். மறுநாள் கேன்டீனில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பெரிய டாக்டர் லிஃப்டில் பார்த்துத் தலையசைத்தார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். தினமும் காலையில் எழுந்ததும் எண்ணைப் பார்த்தேன். உன்னை மாதிரியேதான். இப்படியே பதின்மூன்று நாள். வேன் அக்கா துண்டை எடுத்தது எட்டாம் நாள். நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் அவர் தோளில் தையல் இருந்திருக்கும்.

அதனால் உன் தலையில் கட்டவில்லை. பாதி என் தலையில்தான் இருக்கிறது. இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதத் தைரியம் வரவில்லை. நீ கேட்டது நல்லது.

நேற்று பெரிய டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். இதயத்தையும் சொன்னேன். விசாரணை வைப்பார்களாம். அதுவரை நோயாளிகளைத் தொடக்கூடாது. இப்போது ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ரப்பர் பட்டைகளை நிறவாரியாகப் பிரிக்கிறேன். மஞ்சள் இருபத்தாறு, பச்சை பத்தொன்பது. வேலை போனாலும் போகும். அதற்காக உன்னை அவசரப்படுத்தவில்லை. அந்த வீடியோ இன்னும் ஓடுகிறது. இன்றைக்கும் யாரோ ஒருவர் தொட்டிலைக் கழற்றிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருக்கலாம். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

இத்துடன் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. வேன் அக்காவைக் கேட்டு, அவர் சம்மதித்து, என் போனில் எடுத்தேன். ஒரு மணி நாலு நிமிஷம். படுக்கை வசத்தில்தான் எடுத்திருக்கிறேன். வெளிச்சம் சரியில்லை, நடுவில் யாரோ கதவைத் திறந்து மூடுகிறார்கள். யாருக்கும் போட்டுக் காட்ட இல்லை, உனக்கு மட்டும். சாதாரண வேகத்தில் பார். தாவாதே.

அதன் பிறகு நீ வீடியோவை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, நான் இனி அதைப் பற்றி எழுதமாட்டேன். மூன்று தடவை கேட்டாயிற்று. எடுக்கவில்லை என்றால் வேறு எதைப் பற்றியும் எழுதமாட்டேன், அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 14, சனி. இரவு 11.25.
9,94,618. இனி மாறாது.

அக்கா,

எடுத்துவிட்டேன். இன்று மதியம் 2.08-க்கு. பத்து லட்சத்துக்கு 5,382 குறைவு. இப்போது ஓடுகிற வேகத்துக்கு அரை நாள் போதும். அரை நாள் இருந்ததே என்று இதை எழுதும்போதும் மூளைக்குள் ஒரு ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறான். உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

காலையில் பென்டிரைவ் வந்தது. நீ சாதாரண வேகம் என்று எழுதியிருந்தாய். நான் இரட்டை வேகத்தில்தான் போட்டேன். பழக்கம். பத்தாவது நிமிஷம் வாக்கில் வேன் அக்கா ஏதோ சொல்லித் தோளைக் குலுக்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அந்த வேகத்தில் இரண்டும் ஒரே சத்தம்தான். நிறுத்தினேன். முதலிலிருந்து, சாதாரண வேகத்தில் போட்டேன்.

சிரித்திருக்கிறார். ஒரு பொடியன் தினமும் பின் சீட்டில் தூங்கிப்போவானாம், இறக்கிவிடும்போது, "அதுக்குள்ளவா வேன் அக்கா, நாளைக்குக் கொஞ்சம் சுத்திப் போங்க" என்பானாம். அழுதது அதற்கு அப்புறம், முப்பத்தோராவது நிமிஷம். சட்டைப் பொத்தானைக் காட்டி, இதை மகன் போட்டுவிடுகிறான் என்று சொல்லும்போது. வெட்டுகிறவனாகப் பார்த்தால் அந்த ஒரு மணி நாலு நிமிஷத்தில் வைத்துக்கொள்ள நாற்பது நொடி தேறும். மீதியெல்லாம் தண்ணீர் குடிக்கிறார், யோசிக்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார். எதை எடுப்பது என்று கை தானாகத் தேடியது. எடுக்க எதுவும் இல்லை. எடுத்தால் அது அவர் இல்லை.

ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் நீ கேட்கிறாய், "அவன்மேல கோபம் இருக்கா?" அவர் ஒற்றைக் கையால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறார். பத்தொன்பது நொடி. அப்புறம் சொன்னார்: "கோபப்பட்டு என்னம்மா. அந்தத் தம்பி வந்து என் முன்னாடி நின்னு, விட்டுப்போன அந்த வரிய ஒரு தடவ முழுசாச் சொல்லட்டும். நான் கேட்டுக்கிறேன். எனக்குச் சொல்லவேண்டியதுதானே அது."

அதற்குப் பிறகுதான் உன் பழைய வகுப்பைத் திறந்தேன். சத்தத்தைக் கூட்டி, அந்த ஒன்பது நொடியை முதல் தடவையாகக் காதால் கேட்டேன்.

"ஆனா தோள்ல ஆபரேஷன் ஆனவங்க இதத் தொடவே கூடாது. தையல் பிஞ்சிடும்." அப்புறம் நீ கேமராவைத் தாண்டி என்னைப் பார்த்துத் திரும்புகிறாய். "டேய், இத மட்டும் வெட்டிடாதடா."

அன்றைக்கு நான் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். காதில் ஹெட்போன். சத்தத்தின் அளவைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ சொன்னதைக் கேட்கவில்லை. சாஃப்ட்வேர் அந்த இடத்தில் 'முகம் கேமராவைப் பார்க்கவில்லை' என்று கோடு போட்டிருக்கிறது.

திரும்பத் திரும்பப் போட்டேன். நாலாவது தடவை அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து, "அக்கா வந்துட்டாளா?" என்றாள். இல்லை என்றேன். "கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே" என்றாள். உள்ளே போகவில்லை. ஹாலில் நின்று, "இன்னொரு தடவ போடு" என்றாள். அவளோடு சேர்ந்து கேட்டேன். அப்புறம்தான் அழித்தேன்.

நிறுவனத்துக்காரரிடம் சொன்னேன். "ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமேப்பா" என்றார். போன வாரம்வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் அவரைத் திட்ட முடியவில்லை. அந்த வேலை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கெட்ட செய்தி. அழித்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தேன். வெட்டியதை வேறு ஆட்கள் எடுத்து மறுபடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் திருப்பின மாதிரி ஒன்று, இசை சேர்த்து ஒன்று, உன் குரலை எடுத்துவிட்டு வேறு குரல் போட்டு ஒன்று. இதுவரை கிடைத்தது நாற்பத்து மூன்று. ஒன்றில்கூட அந்த ஒன்பது நொடி இல்லை. எப்படி இருக்கும், நான் கொடுத்தால்தானே.

அதனால் பழைய இடத்தில் புதிதாக ஒன்று போட்டேன். ஒன்பது நொடிதான். படுக்கை வசம், பலகையோடு. முன்னால் எதுவும் ஒட்டவில்லை. 'டேய்' என்பதையும் வெட்டவில்லை. இதை எழுதும்போது பார்வை 61. அதில் அம்மா எத்தனை என்று கேட்காதே.

இனி செய்யப்போவது:

1. நாற்பத்து மூன்று பேருக்கும் எழுதியாயிற்று. பதினேழு பேர் எடுத்துவிட்டார்கள். மீதி இருபத்தாறு பேருக்கும் எடுக்கும்வரை தினமும் எழுதுவேன்.

2. நான் வெட்டிய மற்ற இருபத்தோரு குட்டி வீடியோக்களையும் மறைத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் அதன் முழு வகுப்போடு வைத்து, சாதாரண வேகத்தில், ஹெட்போன் போட்டுக் கேட்பேன்.

3. பெரிய டாக்டருக்கு நான் தனியாக எழுதுவேன். வகுப்பில் நீ அந்த வரியைச் சொன்னாய், வெட்டியது நான்தான். முழுப் பதிவையும் சேர்த்து அனுப்புவேன். இதயம் உன் பங்கு, அதில் தலையிட மாட்டேன்.

4. சேனலின் பாஸ்வேர்டு இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. மாற்றிக்கொள். புதியதை என்னிடம் சொல்லாதே.

5. புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். குளிர்சட்டை கையில் வரும். அதற்குமுன் போன் பண்ண மாட்டேன்.

6. வேன் அக்கா முன்னால் நின்று, விட்டுப்போன வரியை முழுசாகச் சொல்வேன்.

7. அப்புறம் அவர் பேசுவார். எவ்வளவு நேரம் ஆனாலும் குறுக்கே பேசமாட்டேன்.

தம்பி